உடம்படுமெய்

ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் தெரு முச்சந்தியைப் பார்க்க வேண்டும். கும்பகோணத்தின் எல்லா முச்சந்திகளும் அன்று அப்படித்தான் இருக்கும். பட்டறைக்காரர், ஆட்டோக்காரர், மளிகைக்கடைக்காரர் என்று ஆளுக்கொன்றாய் முந்தின இரவு உடைத்த பூசணிக்காய்கள், வெள்ளைச் சதையும் குங்குமச் சிவப்புமாய்த் தார்ச்சாலையில் அப்பிக் கிடக்கும். சக்கரம் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் அங்கங்கே. அந்த நேரத்தில் முனையில் இட்லிக்கடை போடும் அம்மாள் தென்னந்துடைப்பத்தோடு வருவார். அத்தனையையும் கூட்டி ஓரத்தில் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மேலே மணலைத் தூவிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்.

முதன்முதலில் அதைப் பார்த்த வருடம், கூட்டிய குவியலில் அவர் உடைத்த பூசணிக்காயும் இருப்பது எனக்குத் தெரியும். தன் தள்ளுவண்டிக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் அவர் ஓங்கிப் போட்டதை முந்தின இரவு என் வாசலில் நின்று பார்த்திருந்தேன். "நீங்களே உடைச்சிட்டு நீங்களே கூட்டுறீங்களேம்மா?" என்று கேட்டேன்.

"உடைக்கிறது நேத்து வேலை தம்பி. இப்ப பால்காரன் வருவான், பேப்பர் போடுற பையன் வருவான்" என்றார்.

அறிவியலும் நம்பிக்கையும் பேசிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியைப் பெரிய மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் காலையில் அதற்கு ஒரு பதில் துடைப்பத்தோடு என் முன்னால் நின்றது. அந்தப் பதிலின் பொருள் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

*

தெருக்கள் கூடுமிடம் சந்தி. பகலும் இரவும் கூடும் வேளையும் சந்திதான். வீட்டுச் சண்டை வெளியே தெரிந்தால் குடும்பம் சந்திக்கு வந்துவிட்டது என்கிறோம். மானம் போனால் சந்தி சிரிக்கிறது. திருஷ்டி கழித்ததை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுகிறோம். நாலு பேர் கால் பட்டால் தீமை கரைந்து போகும் என்பது நம்பிக்கை. அதே இடத்தில்தான் பிள்ளையாரையும் உட்கார்த்துகிறோம். வெவ்வேறு பக்கங்களிலிருந்து வருபவை ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் ஏதோ நேரக்கூடும் என்ற அச்சம் நம் ஊர்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது.

சாலைப் பொறியாளர்களுக்கும் அதே அச்சம் உண்டு. அவர்கள் அதை எண்ணிக் காட்டுகிறார்கள். இருவழிப் போக்குவரத்துள்ள இரண்டு சாலைகள் குறுக்கிடும் நாற்சந்தியில் வண்டியோடு வண்டி மோதக்கூடிய புள்ளிகள் 32. வண்டிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை 16. வந்து சேர்பவை 8. பிரிந்து செல்பவை 8. வெட்டிச் செல்லும் அந்தப் 16 புள்ளிகளில்தான் ஒரு வண்டியின் விலாவில் இன்னொன்று பாய்கிறது. அதே நாற்சந்தியின் நடுவில் ஒரு ரவுண்டானாவைக் கட்டி, ஒற்றைத் தடத்தில் எல்லாரையும் ஒரே திசையில் சுற்றவிட்டால் 32 புள்ளிகள் 8 ஆகக் குறைகின்றன. வெட்டிச் செல்லும் புள்ளி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

ஆனால் வட்டத்தைக் கட்டியதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, புதிதாக உள்ளே வருபவர் வழிவிட வேண்டும் என்ற விதியைப் பிரிட்டன் 1966-ல்தான் நாடு முழுவதற்கும் ஆக்கியது. அதற்கு முன்பு அங்கே ரவுண்டானாக்கள் நெரிசலில் பூட்டிக்கொண்டு நின்றன. உள்ளே வருபவர் ஒரு கணம் தயங்கி, அங்கே இருப்பவரைப் பார்த்துவிட்டு நுழைய வேண்டும். கேட்க எளிது. அதைக் கண்டுபிடிக்க அத்தனை காலம் ஆயிற்று.

பொறியாளர்கள் பார்க்கும் இன்னொரு விஷயம் பார்வை முக்கோணம். நான் ஒரு தெருவில் வருகிறேன், நீங்கள் குறுக்குத் தெருவில் வருகிறீர்கள். சந்திக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே, பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிற தூரத்திலேயே, நாம் ஒருவரையொருவர் பார்த்துவிட வேண்டும். என்னையும் உங்களையும் சந்திக்கும் இடத்தையும் கோடு போட்டு இணைத்தால் வருவதுதான் அந்த முக்கோணம். அதற்குள் மதில், பிளக்ஸ் பேனர், நிறுத்திவைத்த லாரி எதுவும் கண்ணை மறைக்கக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முக்கோணமும் அதற்கேற்ப விரிய வேண்டும். நம் தெருமுனைகளில் முக்கோணம் நாளுக்கு நாள் சுருங்குகிறது, வேகம் கூடுகிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இருசக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் அதில் பாதிக்கு மேல்.

*

என் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தார். டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். தெருமுனைப் பிள்ளையார் கோயிலருகே வந்ததும் வண்டியை நிறுத்தி, இடது காலை ஊன்றி, ஹேண்டில்பாரிலிருந்து கையெடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் புறப்படுவார். போகும்போதும் வரும்போதும் இது தவறாது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிறு வயதில் அது விளையாட்டாக இருந்தது. கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த பிறகு கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். அங்கே இருப்பது கல் என்பதற்கு என்னிடம் சான்று இருக்கிறது, சாமி என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று. அப்போது என் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்பா கோபப்படவில்லை. "நிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்டா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சாமியைப் பற்றிப் பேசியதே இல்லை. கோயிலுக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதையும் நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு ஒரு கட்டுரையைப் படித்தேன். போக்குவரத்து சிக்னலின் மஞ்சள் விளக்கைப் பற்றி 1960-ல் மூன்று ஆய்வாளர்கள் எழுதியது. மஞ்சள் விழும்போது சந்திப்பிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் ஓட்டுநரால் பத்திரமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கடக்கவும் முடியாது. அப்படி ஒரு பகுதி சாலையில் இருக்கிறது என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அங்கே மாட்டிக்கொண்டவரின் மேல் குற்றமில்லை. மஞ்சள் எரியும் நேரத்தை வேகத்துக்கு ஏற்றபடி போதுமான அளவு வைத்தால் அந்தப் பகுதியே இல்லாமல் போய்விடும்.

படித்தபோது அப்பாவின் முகம் வந்தது. அறுபது வருடம் ஒரு பாதையில் வந்தவரிடம், நில் அல்லது கட என்று ஒரு நொடியில் கேட்டிருக்கிறேன். அவருக்கு மஞ்சள் விளக்கே கொடுக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டே வண்டியை விடுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பக்தி சந்தியில் இன்னோர் ஆபத்து. அப்பா அவர்களில் ஒருவரல்ல. நின்று, கும்பிட்டு, பார்த்துப் போனார். முப்பது வருடம் அந்த முனையில் அவர் யார்மீதும் மோதவில்லை, யாரும் அவர்மீது மோதவில்லை. இதைப் பிள்ளையாரின் அருளுக்குச் சான்றாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நம்பிக்கை ஒரு மனிதனை ஒவ்வொரு நாளும் சரியான இடத்தில் நிறுத்தியது என்பதை நான் மறுக்கவும் மாட்டேன்.

*

சந்திப்பைப் பற்றித் தமிழ் ஆழ்ந்து யோசித்திருப்பது இலக்கணத்தில். இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் இலக்கணிகள் ஓர் இயலே எழுதினார்கள். அதற்குப் புணர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். முதலில் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. சில சொற்கள் சேர்ந்தாலும் எதுவும் மாறாது: பொன்னும் மணியும் சேர்ந்தால் பொன்மணி. சில இடத்தில் புதிதாக ஓர் எழுத்து தோன்றும்: வாழைப்பழம். சில இடத்தில் ஓர் எழுத்து திரியும்: பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். சில இடத்தில் ஒன்று கெடும்: மரமும் வேரும் சேர்ந்த மரவேரில் ஒரு மகர மெய்யைக் காணோம். எந்த இடத்தில் எது நேரும் என்பதை இரண்டு சொற்களின் விளிம்புகள் தீர்மானிக்கின்றன.

அறிவியலும் மதமும் சந்திக்கும் விதங்களை இயன் பார்பர் என்ற அமெரிக்க அறிஞரும் நான்காக வகுத்தார்: மோதல், தனித்து நிற்றல், உரையாடல், ஒன்றிணைதல். அவர் இயற்பியல், இறையியல் இரண்டும் பயின்றவர். அவருடைய வகைப்பாடு பயனுள்ளது. ஆனால் நம் இலக்கணத்தில் அதில் இல்லாத ஒன்று இருக்கிறது.

நிலைமொழி உயிரில் முடிந்து, வருமொழியும் உயிரில் தொடங்கினால் அவை நேரடியாக ஒட்டுவதில்லை. இரண்டும் திறந்த ஒலிகள்; நடுவே பிடிப்பில்லை. அப்போது ஒரு மெய்யெழுத்து உள்ளே வந்து இரண்டையும் சேர்த்துவைக்கிறது. மணியும் அடித்தானும் சேர்ந்தால் மணியடித்தான்; திருவும் அருளும் சேர்ந்தால் திருவருள். இடையில் வந்த யகரமும் வகரமும் நிலைமொழிக்கும் சொந்தமில்லை, வருமொழிக்கும் சொந்தமில்லை. சேராத இரண்டை உடன்படுத்த வருவதால் அதற்கு உடம்படுமெய் என்று பெயர். மெய் என்றால் தமிழில் உடம்பு; மெய் என்றால் உண்மை. இரண்டு உயிர்கள் சேர வேண்டுமானால் நடுவே ஒரு மெய் வேண்டும். இலக்கண விதியாகப் பள்ளியில் மனப்பாடம் செய்த இதை நடுவயதில்தான் வாழ்க்கை விதியாகப் படித்தேன்.

*

நடுவே மெய் இல்லாமல் இரண்டை ஒட்டினால் என்ன ஆகும் என்பதை நம் கைப்பேசிகள் தினமும் காட்டுகின்றன. சிதம்பரம் நடராசர் கோயில் உலகின் காந்த நடுக்கோட்டின் மையத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. அனுப்புபவர்கள் என் அன்புக்குரியவர்கள். காந்த நடுக்கோடு என்பது உலகைச் சுற்றி ஓடும் கோடு. அதற்கு மையப்புள்ளி கிடையாது. பூமியின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தக் கோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன்மேல் கோயில் கட்டினால் சில தலைமுறைகளில் கோடு கோயிலை விட்டுப் போய்விடும். தில்லையின் பெருமைக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. ஆகாயத்தை வழிபட ஒரு திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டுகிற கோயில் அது. அந்தத் துணிவை விட்டுவிட்டு இல்லாத கோட்டைத் துணைக்கு அழைப்பது அறிவியலையும் கெடுக்கிறது, தில்லையையும் சிறிதாக்குகிறது.

இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியதல்ல. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. அனைத்தும் ஒரு தொல்லணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-ல் அவர் முன்வைத்த கருத்துதான் பின்னாளில் பெருவெடிப்புக் கொள்கையாக வளர்ந்தது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரையில், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற கண்டுபிடிப்பு படைப்புக்குச் சான்று தருவதுபோல் பேசினார். ஒரு குருவுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன இருக்க முடியும்? ஆனால் லெமெத்ர் கலங்கினார். தன் கொள்கை ஓர் அறிவியல் கருதுகோள், நாளை தவறென்று நிரூபணமாகலாம், அதன்மேல் நம்பிக்கையை ஏற்றிவைப்பது இரண்டுக்கும் தீங்கு என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை. லெமெத்ர் காலையில் பூசை வைத்தார், பகலில் சமன்பாடுகளைத் தீர்த்தார். தன்னிடத்தில் இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்.

*

உடம்படுமெய்யை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருவார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்றும் இருக்கிறது. சீனிவாச ராமானுஜன் தன் கணிதம் நாமக்கல் நாமகிரித் தாயார் தந்தது என்று நம்பியவர். 1913-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபடி அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் கணிதர் ஜி. எச். ஹார்டியின் மேசைக்குப் போயிற்று. ஹார்டி கடவுளை ஏற்காதவர். அதை மறைக்கவும் இல்லை. நூற்றாண்டின் மிகக் கூர்மையான நாற்சந்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தாயார் கனவில் சொன்னாள் என்பதை ஹார்டியால் ஏற்க முடியாது. தாயார் இல்லை என்பதை ராமானுஜனால் ஏற்க முடியாது. இருவரும் அதைப் பற்றி வாதாடித் தீர்த்துவிட்டுத்தான் கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்திருந்தால் கணிதத்துக்கு அந்த ஐந்து ஆண்டுகள் கிடைத்திருக்காது. அவர்கள் நடுவில் நிரூபணத்தை வைத்தார்கள். ஹார்டி அதைக் கேட்டதில் நியாயம் இருந்தது. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் முதலில் எழுதி அனுப்பியவற்றில் பிழைகள் இருந்தன. ராமானுஜன் தந்ததோ, ஹார்டியின் நிரூபண முறையால் மட்டும் ஒருநாளும் எட்டியிருக்க முடியாத இடங்கள்.

ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பது அவர்கள் சேர்ந்து தீர்த்த கேள்விகளில் ஒன்று. 4 என்ற எண்ணை 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐப் பிரிக்கும் விதங்களை மக்மேகன் என்ற கணிதர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார்: 39,72,99,90,29,388. 1918-ல் வெளிவந்த ஹார்டி–ராமானுஜன் சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே எண் வந்தது. வித்தியாசம் 1 என்ற எண்ணின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சூத்திரத்தில் எந்த வரி நாமகிரியுடையது, எந்த வரி நாத்திகருடையது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த மெய் அது. ஹார்டி கடைசிவரை கடவுளை ஏற்கவில்லை. ராமானுஜன் கடைசிவரை தாயாரை விடவில்லை.

*

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும். ஆனால் சந்தியில் வண்டியில் வருபவர்கள் மட்டும் இல்லை.

நெதர்லாந்தின் டிராக்டன் நகரில் ஹன்ஸ் மாண்டர்மன் என்ற பொறியாளர் ஒரு பெரிய சந்திப்பின் சிக்னல்களை எடுத்துவிட்டார். விளக்கை நம்பாமல் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கடக்கட்டும் என்பது அவர் எண்ணம். வண்டிகளின் வேகம் குறைந்தது. அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் சாலையில் பின்புறமாக நடந்தே காட்டினார். வண்டிகள் அவருக்காக மெதுவாகின. உலகமெங்கும் அது பேசப்பட்டபோது பார்வையற்றவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: முகம் பார்த்துக் கடக்க வேண்டுமென்றால், பார்க்க முடியாத நாங்கள் எப்படிக் கடப்பது? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வராத சில இடங்களில் மேடான விளிம்புகளும் நடைக்கோடுகளும் திரும்ப வந்தன.

இதைப் படித்த பிறகு தும்பாவின் கதையை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த அந்த மீனவர் கடற்கரை காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. உயர வளிமண்டலத்தில் அந்தக் கோட்டை ஒட்டி ஓடும் மின்னோட்டத்தை ஆராய ராக்கெட் விட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. விஞ்ஞானி விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்து இடத்தைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆயர் மக்களிடமே அதை வைத்தார் என்றும், மக்கள் ஆமென் சொன்னார்கள் என்றும் அப்துல் கலாம் பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். தேவாலயத்தின் வழிபாட்டுக்கூடம்தான் ராமேஸ்வரத்து இஸ்லாமியரான அவருக்கு முதல் ஆய்வகம். ஆயரின் அறை வரைபட அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இன்று அந்தத் தேவாலயம் விண்வெளி அருங்காட்சியகம்.

அழகான கதைதான், நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு விஞ்ஞானி, ஓர் ஆயர், ஓர் இளம் பொறியாளர் மூவரும் அதில் இருக்கிறார்கள். ஆமென் சொன்னவர்கள் அந்த ஒரு சொல்லோடு கதையிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். வீட்டையும், தலைமுறை தலைமுறையாகப் படகு இழுத்த மணலையும், திருமணமும் திருமுழுக்கும் நடந்த கூடத்தையும் விட்டுப் போனவர்கள் அவர்கள். அறிவியலும் நம்பிக்கையும் கை குலுக்கிய அந்தச் சந்தியில் அவர்கள் நடந்து வந்தவர்கள். அவர்களுடைய ஆமென் இல்லாமல் இந்திய விண்வெளியின் முதல் அடி அந்த மண்ணில் விழுந்திருக்காது. இடையில் நின்று சேர்த்துவைத்த மெய் அங்கே ஆயரா, சாராபாயா என்று யோசித்திருக்கிறேன். இப்போது அந்தச் சனங்கள்தான் என்று நினைக்கிறேன். உடம்படுமெய் ஒலியில் நிற்கும். ஆனால் அகராதியில் அதற்குத் தனியிடம் இல்லை.

ஆகவே இப்படியொரு பேச்சு எங்கே நடந்தாலும், மேடையில் யார் யார் என்பதோடு, அந்த வழியே நடந்து போகிறவர் யார் என்பதையும் பார்க்கிறேன். பொறியாளரும் பூசாரியும் ஒத்துப்போன பிறகு விழப்போவது யார்? பூசணிக்காய் உடைப்பது மூடநம்பிக்கையா என்று நாம் விடிய விடிய வாதாடலாம். காலையில் வழுக்கி விழுவது பேப்பர் போடும் பையன்.

*

போன வருடம் ஆயுத பூஜை இரவு நான் வாசலில் நின்றிருந்தேன். இட்லிக்கடை அம்மாள் பூசணிக்காயைச் சுற்றி முடித்து, வழக்கமான இடத்துக்குப் போகாமல், சாக்கடை ஓரத்து மதிலடியில் குனிந்து மெதுவாகப் போட்டு உடைத்தார். துடைப்பத்தைத் தூக்க அவருக்கு இப்போது முடிவதில்லை, மூட்டுவலி. பக்கத்தில் நின்ற பட்டறைப் பையன், "ஆயா, முச்சந்தி நடுவுலதானே உடைக்கணும்? ஓரத்துல போட்டா திருஷ்டி போகுமா?" என்று கேட்டான்.

அவர் கையிலிருந்த விதைகளை உதறிக்கொண்டே சொன்னார். "ஓரத்துல போட்டாலும் சாமிக்குத் தெரியும்டா. இருட்டுல வர்றவனுக்கு நடுவுல கெடந்தாலும் தெரியாது."

பையன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு தன் கையிலிருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் நடந்தான்.